எண்ணெயா, யோகாவா, பாரமா: மூட்டு இறுகி நோகிறவர் எதைத் தெரிவு செய்வது?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஜிம்முக்குப் போகிற பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது எளிது. ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் உள்ளே போகவேண்டும் என்பதால் தோளும் மார்பும் காட்டிக்கொடுத்துவிடும். இன்னோர் அடையாளமும் உண்டு. சுவாமி வெளியே வரும்போது எல்லோரும் "அரோகரா" என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்புகிறார்கள். பக்கத்தில் நிற்கும் எழுபது வயதுக்காரரின் கைகள் காதை ஒட்டி நேராக உயர்கின்றன. நம்முடைய இளைஞரின் கைகள் நெற்றிக்குச் சற்று மேலே போய் நின்றுவிடுகின்றன. அதற்கு மேலும் உயர்த்தப் பார்த்தால் முழங்கை மடிகிறது, முதுகு வளைகிறது, விலா எலும்புகள் முன்னே தள்ளிக்கொண்டு வருகின்றன. அன்னதானத்துக்குச் சப்பாணி கட்டி இருக்கச் சொன்னால் அவருடைய முழங்கால்கள் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும்.

"பாரம் தூக்கினால் உடம்பு இறுகிப்போகும்" என்று ஊரில் சொல்வது இதைப் பார்த்துத்தான். அதில் பாதிதான் உண்மை. பாரத்தைப் பாதித் தூரம் மட்டும் ஏற்றி இறக்கினால் உடம்பும் அந்தப் பாதித் தூரத்துக்கே பழகிக்கொள்கிறது. ஆனால் இறுக்கம் என்றவுடன் இதை யாரும் யோசிப்பதில்லை. ஒருவர் யோகாவுக்குப் போகச் சொல்கிறார், இன்னொருவர் நோ எண்ணெய் பூசச் சொல்கிறார், மூன்றாமவர் ஒரு குளிசையை நீட்டுகிறார், வீட்டில் இருப்பவர்கள் ஜிம்மையே விடச் சொல்கிறார்கள். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அந்த நான்கும் நான்கு வேறு சிக்கல்களுக்கான விடைகள் என்பதுதான் தொல்லை.

முதலில், எது நோகிறது?

நேற்றுத் தொடைக்குப் பயிற்சி செய்தீர்கள். இன்று காலை படி இறங்கும்போது இரண்டு தொடைகளும் உளைகின்றன. நாளை இன்னும் கூடுகிறது. நாலாம் நாள் அது மறந்தே போய்விடுகிறது. இது தசை உளைவு. பயிற்சி முடிந்து 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்கு வந்து தானாகவே அடங்கும். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று ஜிம்களில் இன்னமும் விளக்கம் சொல்கிறார்கள். பயிற்சியின்போது கூடும் லாக்டேட் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது, மறுநாள் உளைவுக்கு அதன்மேல் பழி போட முடியாது. பாரத்தை மெல்ல இறக்கும்போது தசை நீண்டுகொண்டே அதைத் தாங்குகிறது. அப்போது தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைத் தொடரும் அழற்சியுமே காரணம். பழக்கமில்லாத எந்த வேலையும் இதைத் தரும். வருடத்தில் ஒருநாள் மட்டும் மண்வெட்டியோடு வளவில் இறங்குகிறவருக்கும் அடுத்தநாள் இதே உளைவுதான்.

இரண்டாவது வகையை ஒரு விரலால் தொட்டுக் காட்டலாம். முழங்காற் சில்லுக்குச் சற்றுக் கீழே, முழங்கையின் வெளிப்புறத்தில், தோளின் முன்பக்கத்தில் என்று ஓர் இடத்தில் மட்டும் இருக்கும். பயிற்சி தொடங்கும்போது நோகும், உடம்பு சூடேறியதும் குறையும், மறுநாள் காலை திரும்பி வரும். இது பெரும்பாலும் தசைநாணிலிருந்து வருவது. தசை சில வாரங்களிலேயே பலம் கூடிவிடுகிறது. அதை எலும்போடு பிணைக்கும் நாண் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. பாரத்தை அவசரப்பட்டு ஏற்றியவர்களிடம் இந்த நோவை அடிக்கடி பார்க்கலாம்.

மூன்றாவது, நோவே இல்லாத இறுக்கம். முன்பு சொன்ன இளைஞரின் தோள் இந்த வகை.

நான்காவது வகைக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. மூட்டு வீங்கியிருந்தால், முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், நடக்கும்போது கால் தானாக மடிந்தால், கையோ காலோ விறைத்தால், நோ இரவு நித்திரையைக் குழப்பினால் வைத்தியரிடம்தான் போகவேண்டும். வெயிலுக்குள் கடுமையாகப் பயிற்சி செய்த பின் தசைகள் வீங்கித் தாங்கமுடியாமல் நோக, சிறுநீரும் பிளேன்டீ நிறத்தில் போனால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். தசை உடைந்து இரத்தத்தில் கலந்த புரதம் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடும்.

இறுக்கத்துக்கு: யோகாவா, பாரமா?

அசையாமல் பிடித்து நீட்டும் பயிற்சி வேலை செய்யும். வாரத்தில் பல நாட்கள், ஒவ்வொரு தசைக்கும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று சில வாரங்கள் தொடர்ந்து செய்தால் மூட்டு அசையும் தூரம் கூடுகிறது. தொடக்க வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றத்தின் பெரும்பகுதிக்குத் தசை நீண்டது காரணமில்லை. இவ்வளவு தூரம் போகலாம், ஆபத்தில்லை என்று நரம்பு மண்டலம் ஒப்புக்கொள்வதே காரணம். இதைத் தெரிந்துகொண்டால் அடுத்த கேள்வி தானாக வரும். அந்தத் தூரத்தில் உங்களுக்குப் பலம் இருக்கிறதா? வேறொருவர் பிடித்துத் தள்ளினால் காதுவரை வரும் கை, தானாக உயரும்போது வராவிட்டால் அந்தத் தூரம் இன்னும் உங்களுக்குச் சொந்தமாகவில்லை.

இங்கேதான் பாரம் முன்னுக்கு வருகிறது. நீட்டல் பயிற்சியையும் பலப் பயிற்சியையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 11 ஆய்வுகளை 2021 இல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. மூட்டு அசையும் தூரத்தைக் கூட்டுவதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நீட்டினால் கிடைப்பது தூக்கினாலும் கிடைக்கிறது, கூடவே பலமும் வருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மூட்டு போகக்கூடிய முழுத் தூரத்துக்கும் பாரம் போய் வரவேண்டும்.

நமது ஜிம்களில் மாலை ஆறு மணிக்குப் பிறகு நடப்பது இதற்கு நேரெதிர். இரும்புக் கம்பியான பாரின் இருபுறமும் தட்டுகளை அடுக்கி, அதைத் தோளில் தாங்கிக் குந்தி எழும்பும் ஸ்குவாட்டை ஒருவர் செய்கிறார். முழங்கால் கால்வாசிதான் மடிகிறது. இன்னும் கீழே போகச் சொன்னால் குதிக்கால்கள் நிலத்தைவிட்டு எழும்புகின்றன. அதற்குத் தீர்வாகக் குதிக்காலுக்கு அடியில் இரண்டு சிறிய தட்டுகளை வைத்துக்கொள்கிறார். அது பிழையென்று சொல்லமாட்டேன், ஆனால் சிக்கல் கணுக்காலில் இருக்கிறது என்பதை அந்தத் தட்டுகள் மறைத்துவிடுகின்றன. வெறுங்காலுடன் சுவரைப் பார்த்து நின்று, பெருவிரல் நுனியைச் சுவரிலிருந்து பத்துச் சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். குதிக்கால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா? முடியாவிட்டால் இடுப்புக்கும் தொடைக்கும் எத்தனை ஆசனம் போட்டாலும் ஸ்குவாட் ஆழமாகாது. மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிக்காலைப் படிமட்டத்துக்குக் கீழே மூன்று விநாடி எடுத்து இறக்கி, அங்கே ஒரு கணம் நின்று எழும்புவதுதான் அதற்குப் பொருத்தம்.

தோளுக்கு: பெஞ்சில் மல்லாந்து படுத்து, ஒரு சிறிய டம்பெலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தலைக்குப் பின்னே மெல்ல இறக்கி எடுங்கள். விலா எலும்பு மேலே எழும்பாத தூரம் மட்டும் போதும். உயரத்தில் பொருத்திய பாரில் வெறுமனே தொங்குவதும் நல்லது. முதலில் பத்து விநாடி தொங்கினாலே போதும். இடுப்புக்கு: நெஞ்சோடு ஒரு டம்பெலை அணைத்துக்கொண்டு ஆழமாகக் குந்தி, அடியில் மூன்று மூச்சு நின்று எழும்பலாம். தொடையின் பின்பக்கத்துக்கு: முழங்காலைச் சற்றே மடித்து, இடுப்பைப் பின்னே தள்ளி, பாரைத் தொடையை ஒட்டியே கீழே இறக்கும் ருமேனியன் டெட்லிஃப்ட். இவற்றுக்கெல்லாம் வழக்கமாகத் தூக்குவதில் அரைவாசியோ அதற்கும் குறைவோதான் வேண்டும். இந்த வழியின் உண்மையான விலையும் அதுதான். பக்கத்தில் நிற்பவர் தட்டு ஏற்றிக்கொண்டிருக்கும்போது நாம் கழற்றவேண்டும். இரண்டு மாதம் அந்த வெட்கத்தைத் தாங்க முடிந்தவருக்கு வேறு செலவில்லை.

யோகா தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. சப்பாணி கட்டி இருக்கும் நிலையை எந்த ஜிம் பயிற்சியும் நேரடியாகத் தருவதில்லை, ஆசனங்கள் தருகின்றன. வேலையால் களைத்து, பாரத்தைப் பார்த்தாலே அலுப்பு வருகிற நாட்களில் அரை மணித்தியாலம் மூச்சோடு உடம்பை அசைப்பது நித்திரைக்கும் நல்லது. சூரிய நமஸ்காரம் சில சுற்றுகள் போட்டுவிட்டுப் பாரத்துக்குப் போவது நான் அறிந்த மிக நல்ல சூடேற்றல்களில் ஒன்று, ஏனென்றால் அதில் எந்த நிலையிலும் நீண்ட நேரம் நிற்பதில்லை. பாரம் தூக்குவதற்குச் சற்று முன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் நீட்டிப் பிடித்தால் அன்றைக்குப் பலம் கொஞ்சம் குறையும். நீண்ட பிடிப்புகளைப் பயிற்சிக்குப் பின்போ வேறு நாளுக்கோ தள்ளிவிடுங்கள். இயல்பிலேயே மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். பெருவிரலைப் பின்னே மடித்து முன்னங்கையைத் தொட அவர்களால் முடியும். அவர்கள் யோகாவில் எளிதாகப் பாராட்டு வாங்குவார்கள், ஆனால் அவர்களுக்குத் தேவை இன்னும் வளைவதில்லை, பலம்.

ஒரு வேலையை மட்டும் நீட்டல் பயிற்சியிடம் எதிர்பார்க்கவேண்டாம். மறுநாள் உளைவை அது தடுக்காது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2011 இல் வெளியிட்ட மீளாய்வின்படி, பயிற்சிக்குப் பின் நீட்டுவதால் அடுத்தநாள் நோ குறைவது நூறு புள்ளி அளவுகோலில் ஒரு புள்ளி அளவில்தான். அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

காசே கேட்காத மூன்றாவது வழியும் இருக்கிறது. நமது பாட்டிமார் அடுப்படியில் குந்தியிருந்து ஊதினார்கள், திருவலையில் இருந்து தேங்காய் திருவினார்கள், பாயில் இருந்து சாப்பிட்டார்கள். இன்று அடுப்பு இடுப்பளவு உயரத்துக்கு வந்துவிட்டது, கதிரை எல்லா அறையிலும் இருக்கிறது, மலசலகூடத்திலும் கொமேட். நாளொன்றுக்குப் பல தடவை முழுமையாக மடிந்த இடுப்பும் கணுக்காலும் இப்போது மடிய வாய்ப்பே இல்லை. இரவுச் செய்தி பார்க்கும் நேரத்தை நிலத்தில் இருந்து கழித்தால், அதிலும் கால்களை அடிக்கடி மாற்றிப் போட்டால், அது ஒரு வகுப்புக்குச் சமம் என்பேன். தோப்புக்கரணத்தைக் குதிக்கால் எழும்பாமல் அடிவரை போய்ப் போடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் பிள்ளையார் கோபிக்கமாட்டார்.

நோ எண்ணெய், ஒத்தணம், உருட்டுவது

"அண்ணை, எண்ணெய் போட்டுப் பிடித்துவிட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்கிற தம்பிமாருக்கு என் பதில், எதற்காகக் கேட்கிறாய் என்பதுதான். உளைவுக்கு என்றால் ஆம். பயிற்சிக்குப் பின் நோவையும் களைப்பையும் குறைக்க மக்கள் செய்யும் பல முறைகளை ஒப்பிட்டு 2018 இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில் முதலிடம் பிடித்தது தசையைப் பிடித்துவிடும் மசாஜ்தான். குளிர்நீரும் இறுக்கமான ஆடைகளும் அதற்குப் பின்னால்தான். எண்ணெய் மூட்டுக்குள் இறங்கி அதை மசகிடுகிறது என்பதை மட்டும் நான் நம்பமாட்டேன். கையின் அழுத்தமும் சூடும், அந்த அரை மணித்தியாலம் சும்மா படுத்திருப்பதும் செய்யும் வேலை அது. ஆகவே விலை கூடிய போத்தலும் வீட்டு நல்லெண்ணெயும் இந்த விடயத்தில் ஒன்றுதான்.

நொச்சி இலையையோ ஆமணக்கு இலையையோ வதக்கித் துணியில் முடிந்து ஒத்தணம் பிடிப்பதும் இதே கணக்கில் வரும். முதுகு பிடித்துக்கொண்ட நாளில் அதன் சுகம் தனி. இரண்டு இடங்களில் தவிர்க்கவேண்டும். புதிதாகச் சுளுக்கி வீங்கிய மூட்டில் முதல் இரண்டு நாட்கள் சூடும் வேண்டாம், தேய்ப்பும் வேண்டாம். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு சுட்டாலும் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

பரியாரியாரிடம் போவதா என்பது யாழ்ப்பாணத்தில் எப்போதும் எழும் கேள்வி. முறிவு நெரிவு பார்ப்பவர்களில் கைராசிக்காரர்கள் இருக்கிறார்கள், கைதடியில் சித்த போதனா வைத்தியசாலையும் இருக்கிறது. வீங்கிய மூட்டை எக்ஸ்ரே எடுக்காமல் இழுத்துச் சொடுக்க முயல்கிறவரிடமிருந்து மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். அனுபவமுள்ள பரியாரியார்கள் தாங்களே "முதலில் படம் எடுத்துக்கொண்டு வா" என்று அனுப்புவார்கள்.

உருளையில் உடம்பை உருட்டுவதும் பந்தைச் சுவரோடு வைத்து முதுகை அழுத்துவதும் சில நிமிடங்களுக்கு மூட்டைத் தளர்த்தும், அதற்கு மேல் நிற்காது. பயிற்சிக்குச் சற்று முன் செய்தால் பயன். மென்பந்து கிரிக்கெட்டுக்கு வாங்கிய பந்து போதும்.

குளிர்நீர்

ஐஸ் தொட்டிக்குள் இறங்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, அதிகாலைக் கிணற்றுக் குளிப்பும் அதே பலனைத் தருமா என்று கேட்கிறார்கள். ஆய்வுகளில் பயன்படும் நீர் பெரும்பாலும் 10 முதல் 15 பாகை செல்சியஸ் வரை. நமது கிணற்று நீர் அதன் பக்கத்திலும் வராது, மார்கழிக் காலையில் உடம்பு சிலிர்ப்பது காற்றால். மீன் பெட்டிக்கு வாங்கும் ஐஸ் கட்டிகளை ஒரு பீப்பாய் நீரில் போட்டால் அந்த அளவுக்கு வரலாம். ஆனால் உடம்பு வளரவேண்டும் என்று தூக்குகிறவருக்கு அது பாதகம். 2015 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், 12 வாரங்கள் ஒவ்வொரு பலப் பயிற்சிக்குப் பின்னும் 10 பாகை நீரில் பத்து நிமிடம் இருந்தவர்களுக்கு, மெதுவாகச் சைக்கிள் மிதித்தவர்களைவிடத் தசை குறைவாகவே வளர்ந்தது. கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் குளியுங்கள், அதில் கெடுதி இல்லை.

குளிசையும் பூச்சும்

இந்தத் தெரிவில்தான் எனக்கு அச்சம் அதிகம், ஏனென்றால் வாங்குவது அவ்வளவு எளிது. பாமசியில் "உடம்பு நோ" என்று சொன்னால் டைக்ளோபெனக்கோ இபுபுரூஃபனோ கைக்கு வந்துவிடுகிறது. ஒரு நாள், இரண்டு நாள் எடுத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பவர்கள்தான் அதை வாரக்கணக்கில் ஜிம் பைக்குள் வைத்திருக்கிறார்கள். வயிற்றில் புண், இரத்த அழுத்தம், சிறுநீரகம் என்று அதன் தொல்லைகள் பல. வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு அது இரட்டைச் சுமை. அதற்கும் மேலாக, எதற்காகப் பயிற்சி செய்கிறீர்களோ அதையே அது குறைக்கக்கூடும். சுவீடனில் 2018 இல் வெளியான ஆய்வில், எட்டு வாரங்கள் நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் இபுபுரூஃபன் எடுத்த இளையோருக்குத் தசை வளர்ந்த அளவு, சிறிதளவு அஸ்பிரின் எடுத்தவர்களுக்கு வளர்ந்ததில் சுமார் பாதிதான்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வடகீழ்ப் பருவமழையோடு டெங்கு வருகிறது. மார்கழி, தை மாதங்களில் உடம்பு முழுக்க உளைந்து காய்ச்சலும் இருந்தால் அதை முந்தநாள் செய்த டெட்லிஃப்ட்டின் தலையில் போடவேண்டாம். தசை உளைவுக்குக் காய்ச்சல் வராது. டெங்கு இருக்கும்போது டைக்ளோபெனக், இபுபுரூஃபன், அஸ்பிரின் மூன்றும் இரத்தக் கசிவை மோசமாக்கும். பனடோலை மட்டும் அளவு மீறாமல் எடுத்துக்கொண்டு (வளர்ந்தவருக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, நாளொன்றுக்கு எட்டுக்கு மேல் ஒருபோதும் கூடாது) இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். காய்ச்சலோடு சிறு மூட்டுகள் வீங்கி நொந்தால் சிக்குன்குனியாவாகவும் இருக்கலாம். காய்ச்சல் போன பின்னும் அந்த மூட்டு நோ மாதக்கணக்கில் நிற்கக்கூடும். அப்படியான நேரத்தில் பாரத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

முழங்கால், முழங்கை போன்ற தோலுக்கு அருகிலுள்ள இடங்களுக்கு டைக்ளோபெனக் ஜெல் பூசுவது குளிசையைவிட நல்ல தெரிவு, இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. சித்தாலேப போன்ற பூச்சுகளின் எரிவும் வாசனையும் நோவிலிருந்து கவனத்தைத் திருப்பும், அவ்வளவுதான், அதுவும் சில இரவுகளில் போதுமானது. மூட்டுக்கு நல்லதென்று விற்கும் குளுக்கோசமின் வாங்க நினைப்பவர்கள் அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் வாங்கலாம். முழங்கால் தேய்வுள்ள 1583 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2006 இல் வெளியான ஆய்வில், மொத்தமாகப் பார்க்கும்போது அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை வெல்லவில்லை.

விரலால் காட்டும் நோவுக்கு: ஓய்வா, தொடர்வதா?

ஜிம்மை ஒரு மாதம் விட்டால் நோ போய்விடும். திரும்பிப் போன முதல் வாரத்தில் அதுவும் திரும்பி வரும், ஏனென்றால் அந்த மாதத்தில் நாண் இன்னும் பலவீனமாகிவிட்டது. தசைநாணுக்கு முழு ஓய்வும் ஒத்துவராது, பிடிவாதமும் ஒத்துவராது. நடுவழி ஒன்று இருக்கிறது: நோவே இல்லாததைப் பூச்சியம், தாங்கவே முடியாததைப் பத்து என்று வைத்தால், பத்துக்கு மூன்றுவரை நோ இருந்தால் தொடரலாம், மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு வரவேண்டும். வராவிட்டால் பாரம் கூடிவிட்டது, அடுத்த முறை குறைக்கவேண்டும். பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் தோளை நோகச் செய்தால் டம்பெலை உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி பிடித்துத் தள்ளலாம், அல்லது நிலத்தில் படுத்தபடி தள்ளலாம், முழங்கை தரையைத் தொட்டதும் தோள் மேலும் பின்னுக்குப் போகாது. முழங்கால் நொந்தால் ஸ்குவாட்டை மெதுவாக்கி, நோகாத ஆழத்தில் 30 முதல் 45 விநாடி அசையாமல் நிற்பதிலிருந்து தொடங்கலாம்.

முழங்கால் நோவுக்கு ஸ்குவாட்டைக் குற்றஞ்சாட்டும் முன் உங்கள் சைக்கிளைப் பாருங்கள். இருக்கையை நிலத்தில் கால் ஊன்றும் அளவுக்குத் தாழ்த்தி வைத்துக்கொண்டு கிலோமீற்றர் கணக்கில் மிதிப்பவர்கள் நம்மிடையே அதிகம். மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் சற்று மட்டுமே மடிந்திருக்கவேண்டும். தாழ்ந்த இருக்கையில் ஒவ்வொரு மிதிப்பும் முழங்காற் சில்லை அழுத்துகிறது. ஒரு திருகாணியைத் தளர்த்தி இருக்கையை உயர்த்தியதில் போன முழங்கால் நோக்களைப் பார்த்திருக்கிறேன். கடல் பக்கம் போக வசதியுள்ளவருக்குக் காரைநகர்க் கசூரினாவில் இடுப்பளவு நீரில் நடப்பதும் நல்ல மாற்று, நீர் உடம்பின் பாரத்தில் பாதியை ஏற்றுக்கொள்கிறது.

யார் எதை எடுக்கலாம்

இருபதுகளில் இருக்கிறீர்கள், நோ இல்லை, கை மேலே போகவில்லை என்றால் யோகா வகுப்புக்குக் காசு கட்டவேண்டியதில்லை. பாரத்தைப் பாதியாக்கித் தூரத்தை முழுதாக்குங்கள். நாற்பதைத் தாண்டியவர், நாள் முழுக்க மேசையில் இருப்பவர், ஜிம்முக்கு வாரம் இரண்டு நாள்தான் முடியும் என்றால் அந்த இரண்டு நாளோடு நிலத்தில் இருக்கும் பழக்கத்தையும் காலையில் சில சூரிய நமஸ்காரங்களையும் சேர்க்கலாம். ஜிம்முக்கே போக விரும்பாத பெண்களும் முதியவர்களும் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நெஞ்சோடு அணைத்துக் கதிரையிலிருந்து எழும்பி இருப்பதில் தொடங்கலாம், கதிரையின் உயரத்தைப் பிறகு குறைக்கலாம். உளைவு மட்டும்தான் சிக்கல் என்றால் வேண்டியவர் எண்ணெய் பூசிப் பிடித்துக்கொள்ளட்டும், வேண்டாதவர் மெதுவாக ஒரு நடை போய்வரட்டும், இரண்டும் நாலாம் நாள் ஒரே இடத்துக்கே வந்துசேரும்.

ஓரிடத்து நோ உள்ளவர் பாரத்தைக் குறைத்து ஆறு வாரம் பார்த்தும் மாற்றமில்லை என்றால் இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) போகவேண்டும். யாழ். போதனா வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவினூடாகப் போனால் செலவில்லை, காத்திருக்கவேண்டும். தனியாரிடம் சனல் செய்து போனால் நேரம் மிச்சம், காசு செலவு. எங்கே போனாலும் ஸ்கேன் எடுக்க முந்தவேண்டாம். நோவே இல்லாதவர்களின் தோளிலும் முதுகிலும்கூட ஸ்கேனில் தேய்வும் கிழிவும் தெரிவது வழக்கம், அந்த அறிக்கையைப் படித்துவிட்டுப் பயந்துபோய் எல்லாவற்றையும் விட்டவர்கள் பலர். சூடு வைத்து, மின் கருவி பூட்டி அனுப்பிவிடுகிறார்கள் என்றால், வீட்டில் செய்யப் பாரத்தோடு கூடிய பயிற்சி ஒன்று தரச்சொல்லிக் கேளுங்கள். போகும்போது ஒரு கொப்பியில் கடந்த வாரங்களில் எந்தப் பயிற்சியில் எத்தனை கிலோ தூக்கினீர்கள், மறுநாள் காலை நோ பத்துக்கு எத்தனை என்று எழுதிக்கொண்டு போங்கள். எங்கே பாரம் கூடியது என்று அவர் கண்டுபிடிக்க அந்த இரண்டு பக்கம் போதும்.